சித்தப்பா கைலியும் ஸ்காட்லாந்து கட்டமும்

போன மாசம், இன்டர்னல் எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? பாவாடை செலக்ட் பண்ணிட்டிருந்தேன். எனக்குத்தான்!

சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப மேட்டருக்கு வருவோம். நான் பேக்பைப் கத்துக்கிறேன். கக்கத்துல ஒரு பை, அதுல அஞ்சு குழல், ஊதுறவர் இடுப்புல கட்டம் போட்ட பாவாடை... இங்கிலீஷ் படத்துல பார்த்திருப்பீங்களே, அதேதான். அந்தப் பாவாடைக்குப் பேர் கில்ட். அந்தக் கட்டத்துக்குப் பேர் டார்ட்டன்.

'கம்பத்துப் பையனுக்கு பேக்பைப் எங்கேர்ந்துடா வந்துச்சு?'ன்னு ஹாஸ்டலே கேட்டுச்சு. சித்தப்பாகிட்டேர்ந்து வந்தது. அவர் மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டன்ல ட்ரெயினிங் முடிச்சு, பைப் பேண்டுல வாசிச்சவர். ரிட்டயர் ஆனதும் மீரட்ல செய்த ஒரு செட்டை சொந்தக் காசுல வாங்கிட்டு வந்தார். ரெண்டு வருஷம் முன்னாடி மூச்சு இளைப்பு அதிகமாகி, 'இனிமே ஊதக் கூடாது'ன்னு டாக்டர் சொல்லிட்டார். அன்னிக்குப் பரண் மேல ஏறின பையை, எட்டு மாசம் முன்னாடி நான் இறக்கினேன்.

என் டார்கெட் ஜனவரி 15. நம்ம பள்ளத்தாக்குல அது பொங்கல் மட்டுமா, பென்னிகுயிக் பொறந்த நாளும்தானே! முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் கட்டி முடிச்ச மனுஷன். சிவில் படிக்கிற எனக்கு அவர் சீனியர்களுக்கெல்லாம் சீனியர். லோயர் கேம்ப்ல 2013-ல் திறந்த மணிமண்டபத்துக்கு வெளியே ஓரமா நின்னு, சித்தப்பா கேட்க ரெண்டு ட்யூன் வாசிக்கணும். அதுக்குத்தான் டிரெஸ் தேடல். ட்யூஷன் எடுத்துச் சேர்த்த 9,000 ரூபாய் கையில இருந்துச்சு.

அம்மா சேலையைவிடப் பெருசு!

முதல் அதிர்ச்சி, துணியோட அளவு. ஒரு முழு கில்ட்டுக்கு 8 கெஜம் துணி. மீட்டர்ல சொன்னா 7.3. 'என் சேலையே ஆறு கெஜம்தாண்டா'ன்னு அம்மா வாயடைச்சுப் போயிட்டாங்க. அவ்வளவும் எங்க போகுதுன்னா, பின்பக்க மடிப்புக்கு. முன்பக்கம் மட்டும் ப்ளெய்ன். கனமான கம்பளியில தைச்சா கிட்டத்தட்ட 2 கிலோ வரும். தேனி சித்திரை வெயில்ல, முழங்கால் வரை கம்பளி சாக்ஸும் போட்டு, இடுப்புல 2 கிலோ கம்பளி... நினைச்சாலே வேர்க்குதுல்ல?

'அப்ப லேசான பாலியஸ்டர் கலந்ததை வாங்கிடலாமே'ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. துவைக்க ஈஸி, விலையும் கம்மி. ஆனா கம்பத்துக்காரங்க ஒரு நிமிஷம் ஆடி மாசக் காத்தை நினைச்சுப் பாருங்க. லேசான கில்ட்டைக் கட்டிட்டு ரோட்டுல நின்னா ஊர் மானம் போயிடும். ரெண்டு கையும் குழல்ல இருக்கும்போது பாவாடையை யார் பிடிக்கிறது? அந்தக் கனம் சும்மா பந்தாவுக்கு இல்லைன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அளவு எடுக்கிறதும் வேற மாதிரி. ஜீன்ஸ் சைஸைச் சொன்னா ஏமாந்துடுவீங்க. கில்ட் தொப்புள் உயரத்துல நிக்கணும். மண்டியிட்டு உட்கார்ந்தா, விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கணும். எழுந்தா முட்டி நடுவுக்கு வரும். பாக்கெட் கிடையாது. அதுக்குத்தான் முன்னாடி தொங்குற தோல் பை, ஸ்போரன். நம்ம பாட்டி இடுப்புல சொருகுற சுருக்குப்பைக்கு ஸ்காட்லாந்து சொந்தக்காரன். முன்னாடி குத்துற பின்னை மேல் மடிப்புல மட்டும்தான் குத்தணும். ரெண்டு மடிப்பையும் சேர்த்துக் குத்தினா, நடக்கும்போது துணி கிழிஞ்சிடும்.

நல்ல கம்பளி கில்ட்டோட விலையை மட்டும் கேட்காதீங்க. கவுன்சலிங்ல சேர்ந்த என் ஒரு செமஸ்டர் ஃபீஸைத் தாண்டிடுது!

எந்தக் கட்டம்?

விலையைவிட என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். 'ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம், மத்தவன் கட்டக் கூடாது'ன்னு கேள்விப்பட்டிருந்தேன். குலதெய்வம் மாதிரி இருக்குமோன்னு பயம். நமக்கு எந்தக் குலம் பாஸ்?

தோண்டிப் பார்த்தா கதையே வேற. 1746-ல் பிரிட்டிஷ் அரசு, மலைநாட்டு ஆண்கள் இந்த டிரெஸ்ஸைப் போடவே கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. 1782-ல்தான் எடுத்தாங்க. 1822-ல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தப்ப, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னாடி நின்னு பெரிய திருவிழாவே நடத்தினார். எல்லாரும் 'எங்க குலக் கட்டம் எது?'ன்னு தேடி ஓடினாங்க. பானக்பர்ன்ல இருந்த வில்சன்னு ஒரு நெசவுக் கம்பெனி, முன்னாடி நம்பர் போட்டு வித்த சில கட்டங்களுக்குக் குலப் பேர் வெச்சும் வித்துச்சு. அதாவது, 'ஆதி காலத்துச் சொத்து'ன்னு நாம நம்புற லிஸ்ட்ல பாதிக்கு மேல 200 வருஷக் கதைதான்.

இப்பவும் 'இன்ன குலத்தான்தான் கட்டணும்'னு சட்டம் ஏதும் இல்லை. பால்மொரல்னு ஒரு கட்டம் மட்டும் அரச குடும்பத்துக்கும் மன்னரோட பைப்பருக்கும்னு மரியாதையா ஒதுங்கி விட்டுடுறாங்க. கரும்பச்சையும் கருநீலமும் கலந்த 'பிளாக் வாட்ச்' மாதிரி சிலது யார் வேணும்னாலும் கட்டலாம். குலம் இல்லாத நமக்கு அது சேஃப். 2009-லேர்ந்து ஸ்காட்லாந்து அரசே டார்ட்டன்களுக்கு ஒரு பதிவேடு வெச்சிருக்கு. யாரும் புதுக் கட்டம் டிசைன் பண்ணிப் பதியலாம். 'சிங்' என்ற பேருக்கே 1999-ல் ஒரு டார்ட்டன் வந்தாச்சு!

இன்னொண்ணு சொல்லட்டா? பிரிட்டிஷ் ராணுவத்துல 7-வது கூர்க்கா ரைஃபிள்ஸ் பைப்பர்கள் 'டக்ளஸ்' கட்டம் போட்டாங்க. 10-வது கூர்க்கா ரைஃபிள்ஸுக்கு 'ஹன்ட்டிங் ஸ்டூவர்ட்'. நேபாளத்துக்காரருக்கு டக்ளஸ் என்ன உறவு? ரத்த உறவு இல்லை. ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளோட இருந்த பழக்கம், நட்பு. அப்ப கட்டம்ங்கிறது பழக்கத்துலயும் வரும்!

உடனே என் மூளை பறந்துச்சு. எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுயிக்னு ஒரு ஊர் இருக்கு. நம்ம பென்னிகுயிக்கோட குடும்பப் பேர் அந்த ஊர்ப் பேர்தான். பழைய பிரிட்டன் மொழியில 'குயில் மலை'ன்னு அர்த்தம் சொல்றாங்க. குயிக்னா குயில்! 'சொந்தம் கிடைச்சிருச்சுடா'ன்னு துள்ளிட்டு, கம்பத்துக்கே ஒரு டார்ட்டன் வரைய உட்கார்ந்தேன். வயலுக்குப் பச்சை, பன்னீர் திராட்சைக்கு ஊதா, ஆத்துக்கு நீலம், அணைக்குச் சாம்பல்.

அதை எடுத்துக்கிட்டு ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டிக்குப் பஸ் ஏறினேன். சேலை நெய்யுற ஊராச்சே. ஒரு தறிக்கார அண்ணன் பேப்பரைப் பார்த்துட்டு, "பாவுல என்ன வரிசையோ ஊடையிலும் அதே வரிசை. அவ்வளவுதானே தம்பி?"ன்னார். கரெக்ட்! அதுதான் டார்ட்டனோட சீக்ரெட். 4 கலர் நூல் போட்டா, அதே கலர் சந்திக்கிற இடத்துல 4, கலந்து சந்திக்கிற இடத்துல 6, ஆக 10 நிறம் தெரியும். 6 கலர்னா 21. மேக்ஸ்ல படிச்ச காம்பினேஷன் தறியில ஓடுது பாருங்க!

ஆனா அவர் அடுத்து சொன்னதுதான் பஞ்ச். "ஒரு பாவு ஓட்டினா பல சேலை வரும். உன் ஒருத்தன் பாவாடைக்காக யாரு தம்பி பாவு போடுவா? கட்டம்தான் வேணும்னா உங்க வீட்டுக் கொடியில தொங்குமே!"

கொடியில தொங்கின பதில்

வீட்டுக்கு வந்து சித்தப்பாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். பொறுமையா கேட்டுட்டு, "நான் சர்வீஸ்ல ஒரு நாளாவது பாவாடை கட்டினதைப் பார்த்திருக்கியாடா?"ன்னார். போட்டோவை எடுத்துப் பார்த்தேன். நெசம்தான்! நம்ம ராணுவ பைப்பர்கள் பெரும்பாலும் பேன்ட்தான் போடுறாங்க. கட்டம் தோள்ல போர்த்துற துணியிலயும், பையோட உறையிலயும் இருக்கும். கட்டம் இருக்கு, பாவாடை இல்லை. எட்டு மாசமா அதே பையைக் கட்டிப் பிடிச்சிட்டு இதை நான் கவனிக்கவே இல்லை.

"பேண்டுல சேர்ந்தா அவங்க கட்டத்தை அவங்களே கொடுப்பாங்க. அதுக்கு முன்னாடி வாங்குறது வேஸ்ட். முதல்ல ஒத்து மூணும் சேருதான்னு பாரு"ன்னார். பேக்பைப்ல மூணு ஒத்துக் குழல் உண்டு. கத்துக்குட்டிங்க அதை கார்க் வெச்சு அடைச்சுட்டுத்தான் பழகுவோம். நான் இன்னும் ஒண்ணைத்தான் திறந்திருக்கேன். ஒம்போது ஸ்வரம் உள்ள குழலே ஒழுங்கா பேச மாட்டேங்குது. இந்த லட்சணத்துல எனக்கு 8 கெஜம் கேக்குது!

சோ, என் 9,000 ரூபாய் புது சீவாளிகளுக்கும் பையைச் சரி பண்றதுக்கும் போயிடுச்சு. டிரெஸ்? வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷூ. ஆனா கட்டம் இல்லாம இல்லை. பைக்கு உறை தைக்க ஒரு மீட்டர் சொச்சம் துணி போதும். சித்தப்பாவோட பழைய கைலி ஒண்ணை, நீலமும் மெரூனும் கட்டம் போட்டது, டெய்லர்கிட்ட கொடுத்துட்டேன். கட்டம் போட்ட துணி பழவேற்காட்டுலேர்ந்து 17-ம் நூற்றாண்டுலயே கப்பலேறிப் போச்சு. வில்சன் கம்பெனி குலப் பேர் வைக்கிறதுக்கு ரொம்ப முந்தி. நமக்கும் பரம்பரை இருக்கு பாஸ்!

நீங்களும் பேக்பைப்போ, பறையோ, கிட்டாரோ புதுசா கத்துக்கிறீங்களா? டிரெஸ் வாங்குங்க, தப்பில்லை. கில்ட் பிடிச்சா தாராளமா கட்டுங்க, யாரும் உங்களைத் தடுக்க முடியாது. ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி, 'ஏன் இந்தக் கட்டம்?'னு யாராவது கேட்டா சொல்றதுக்கு ஒரு பதில் கையில வெச்சுக்கங்க. நெட்ல நல்லா இருந்துச்சுங்கிறது பதில் இல்லை.

என்கிட்ட ஒரு பதில் இருக்கு. டெய்லர்கிட்டேர்ந்து உறை வந்த அன்னிக்கு சித்தப்பா அதைத் தடவிப் பார்த்துட்டு, "இது என் கைலில்லடா?"ன்னார். "உங்க ரெஜிமென்ட்டுதான் சித்தப்பா"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லாம பையை வாங்கி, ஊதாம, கக்கத்துல மட்டும் கொஞ்ச நேரம் வெச்சிருந்துட்டுக் கொடுத்தார்.

ஜனவரி 15-க்குள்ள மிச்சம் ரெண்டு ஒத்தையும் திறந்தாகணும். அடுத்த வாரம் பார்க்கலாம். நான் ப்ராக்டீஸுக்குக் கிளம்புறேன், பக்கத்து வீட்டுக்காரங்க பாவம்!