ஏரிக்கரைக் கூடாரத்தில் பெரியவர்களுக்கும் இடம் வேண்டும்

பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும், கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றி வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு காரியங்கள் ஏககாலத்தில் நிகழ்கின்றன. சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் தாய் தந்தையர் ஆறு மாத அனுமதியோடு வந்து இறங்குகிறார்கள். அதே வீட்டுப் பிள்ளைகள் கூடாரத்தையும் படுக்கைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு சியரா நெவாடா மலைத்தொடரின் ஏரிகளை நோக்கிப் புறப்படுகிறார்கள். கோல்டன் கேட் பாலத்துக்கும் கோயில்களுக்கும் கடைவீதிகளுக்கும் பெற்றோரைத் தவறாமல் அழைத்துச் செல்லும் இப்பிள்ளைகள், மலைக்குப் போகும்போது மட்டும், "அங்கே ரொம்பக் குளிரும்பா, தரையில படுக்கணும், உங்களுக்குச் சரிப்படாது" என்று சொல்லி, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளைக்குக் குழம்பு நிரப்பி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெரியவர்களும் அதை அன்பின் பொருட்டுச் சொன்ன வார்த்தையாகவே ஏற்று வீட்டிலிருந்து விடுகிறார்கள். அன்பின் பொருட்டுத்தான் அது சொல்லப்படுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது பெரிய தவறு என்பதும், அத்தவறுக்கு அந்நாட்டு முகாம்களின் விதிகளும் துணை நிற்கின்றன என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,225 அடி உயரத்தில், 22 மைல் நீளமும் 12 மைல் அகலமும் கொண்டு விரிந்து கிடக்கும் டாஹோ ஏரியை நேரில் கண்டவர்களுக்கு அதன் நீலத்தை வர்ணிக்கத் தேவையில்லை. காணாதவர்களுக்கு வர்ணித்தும் பயனில்லை. ஆழம் 1,645 அடி. அறுபதுக்கு மேற்பட்ட ஓடைகள் அதில் வந்து விழ, டிரக்கி என்ற ஒரே ஓர் ஆறு மட்டும் அதிலிருந்து வெளியேறி, கடலைச் சேராமலே நெவாடாப் பாலைவனத்திலுள்ள பிரமிட் ஏரியில் முடிந்துவிடுகிறது. கரையோரக் காடுகளில் ஜெஃப்ரி பைன் என்றொரு மரம் உண்டு. வெயில் ஏறிய வேளையில் அதன் பட்டைப் பிளவில் மூக்கை வைத்தால் வெனிலாவின் வாசனை வீசும். குழந்தைகள் மரத்துக்கு மரம் ஓடி மோந்து பார்க்கும் காட்சியை எந்த முகாமிலும் காணலாம்.

இந்த ஏரிக்கரையில் கோடையைக் கழிக்கும் வழக்கம் வெள்ளையர் தோற்றுவித்ததன்று. வாஷோ என்னும் பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, பனி உருகத் தொடங்கியதும் பள்ளத்தாக்குகளிலிருந்து இங்கே ஏறி வந்தார்கள். நடக்க வலுவுள்ள இளைஞர் முன்னே வர, முதியோரும் குழந்தைகளும் பின்னே வந்து சேர, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென வழிவழியாக வந்த இடத்தில் தங்கி, மீன் பிடித்தும் கிழங்கும் விதையும் சேகரித்தும், உறவினரைக் கண்டு அளவளாவியும் கோடை முழுவதையும் கழித்து, இலையுதிர் காலத்தில் பைன் கொட்டை பொறுக்கக் கிழக்கு மலைகளுக்குச் சென்றார்கள். 1859-ல் அருகிலுள்ள விர்ஜினியா நகரத்தில் வெள்ளிச் சுரங்கம் வெளிப்பட்டதும், சுரங்கங்களைத் தாங்கும் தூண்களுக்காக இக்கரைக் காடுகள் வெட்டப்பட்டன. வாஷோ மக்கள் தங்கள் கரையை இழந்தார்கள். 1997-ல் கிளிண்டன் அவர்கள் ஜனாதிபதியாக இருந்தபோது இவ்வேரியின் பாதுகாப்புக்காகக் கூட்டிய மாநாட்டுக்குப் பிறகுதான், மேற்குக் கரையில் மீக்ஸ் பே என்ற இடத்தில் அவர்களுக்கு ஓரளவு உரிமை திரும்பக் கிடைத்தது. பாட்டன் பாட்டியரை விட்டுவிட்டு இந்த ஏரிக்கு வருவதென்பது அம்மக்களால் கற்பனை செய்ய முடியாத காரியமாக இருந்திருக்கும்.

டாஹோவுக்குச் சற்று வடக்கே டோனர் ஏரி இருக்கிறது. அதன் கரையிலும் இன்று அரசாங்கத்து முகாம் உண்டு. நுழைவாயிலருகே, அக்கால வெண்பனியின் ஆழத்தைக் காட்டுவதற்காக 22 அடி உயரப் பீடத்தின்மீது ஒரு குடும்பத்தின் உருவச் சிலைகளை நிறுவியிருக்கிறார்கள். 1846-ம் ஆண்டு மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கி வந்த கூட்டமொன்று, குறுக்கு வழியென்று நம்பிய பாதையில் நாட்களை இழந்து, கணவாயைக் கடக்குமுன் பனியில் அகப்பட்டு, ஏறத்தாழப் பாதிப் பேரை அந்தக் குளிர்காலத்தில் பறிகொடுத்தது. பசியால் அங்கே நடந்தவற்றை விவரிக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் டொனால்ட் கிரேசன் என்ற ஆராய்ச்சியாளர், யார் இறந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தபோது, தனியாக வந்த திடகாத்திரமான இளைஞர்களே பெரும்பாலும் மாண்டார்கள் என்பதும், குடும்பத்தோடு வந்தவர்களே அதிகம் பிழைத்தார்கள் என்பதும் புலனாயிற்று. ப்ரீன் தம்பதியும் அவர்கள் குழந்தைகள் எழுவரும், ஆக ஒன்பது பேரும், உயிரோடு மீண்டார்கள். இளைஞர்களுக்கு உடலுழைப்பு அதிகம், அதனால் சீக்கிரம் சோர்ந்தார்கள் என்று காரணம் கூறுவதும் நியாயமே. எனினும், உணவைப் பங்கிட ஒருவரும், எழுப்பி உட்கார்த்த ஒருவரும், இன்னும் ஒரு நாள் பொறு என்று சொல்ல ஒருவரும் பக்கத்தில் இருப்பதன் பலத்தை யாரால் மறுக்க முடியும்?

இன்று ஏரிக்கரைக்குப் போகிறவர்களுக்கு அப்படிப்பட்ட ஆபத்து ஒன்றும் இல்லை. இருந்தாலும் கூடாரத்தில் தங்கும்போது, வீட்டிலும் ஹோட்டலிலும் இல்லாத ஒரு நிர்ப்பந்தம் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி வைக்கிறது. ஹோட்டலில் ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு, கதவுக்குப் பின்னால் ஆளுக்கொரு திரை. முகாமிலோ ஒரே மேஜை, ஒரே அடுப்பு, ஒரே தண்ணீர்க் குழாய். நாங்கள் மகன் குடும்பமும் மகள் குடும்பமும் சம்பந்தி வீட்டாருமாகப் போயிருந்தபோது, முதல் நாள் மாலை என் மனைவி காஸ் அடுப்பில் துவரம்பருப்பை வேகவைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். அது வேகவே இல்லை. அவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவாதலால் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எத்தனை நேரம் கொதித்தாலும் அதற்குமேல் சூடேறுவதில்லை. "சம்பந்தி அம்மா, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்று கேட்டுக்கொண்டே வந்த மருமகளின் தாயார், தம்முடைய பெட்டியிலிருந்து சிறிய குக்கர் ஒன்றை எடுத்து வைத்தார், ஊட்டியில் ஆசிரியையாக இருந்த காலத்து அனுபவம். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒருவரையொருவர் மரியாதையாக விசாரித்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் பேசியறியாத இரண்டு பெண்மணிகள், அந்தக் குக்கர் விசில் விடுவதற்குள் ஊட்டி உருளைக்கிழங்கு முதல் தத்தம் மாமியார்கள் வரை அத்தனையும் பேசித் தீர்த்தார்கள்.

இருட்டியதும் மற்றொரு காரியம். அந்தக் காடுகளில் கருங்கரடிகள் உலவுவதால், உணவுப் பொருளை மட்டுமன்றிப் பல் விளக்கும் பசை, சோப்பு, முகப்பூச்சு முதலிய வாசனையுள்ள வஸ்துக்கள் யாவற்றையும் கூடாரத்தினின்றும் காரினின்றும் எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் நிறுவியிருக்கும் கனமான இரும்புப் பெட்டிக்குள் பூட்டியாக வேண்டும். இந்தச் சோதனையைப் பேத்தி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அவள் தன் தாத்தாவின் சட்டைப்பையிலிருந்து சுருட்டிய வெற்றிலையையும், பாட்டியின் கைப்பையிலிருந்து தென்னமரக்குடி எண்ணெய்க் குப்பியையும் கைப்பற்றிப் பெட்டியில் வைத்த விதத்தில் ஒரு நீதிபதியின் கம்பீரம் இருந்தது. தமிழ் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் குழந்தை, கரடியைப் பற்றித் தாத்தாவை எச்சரிக்க வேண்டியிருந்ததனால், அன்று இரவு தடுமாறித் தடுமாறித் தமிழிலேயே பேசினாள். மொழியைக் கற்பிக்க வார இறுதி வகுப்புகள் அவசியந்தான்; அவற்றை நடத்துவோரை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பேசியே தீரவேண்டிய சந்தர்ப்பம் செய்கிற உபகாரத்தை வகுப்பறை செய்ய முடியாது.

இனி விதிகளைப் பற்றி. கலிபோர்னிய மாநிலப் பூங்காக்களில் ஒரு முகாம் இடத்துக்குப் பொதுவாக எட்டுப் பேர் வரைதான் அனுமதி. யோசெமிட்டி தேசியப் பூங்காவிலோ ஆறு பேர். தாய், தந்தை, இரண்டு குழந்தைகள் என்பதே குடும்பம் என்று எண்ணி வகுத்த கணக்கு இது. அந்த நால்வரோடு நண்பர் சிலர் சேரலாம், அவ்வளவுதான். இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகளும், ஒரு அத்தை குடும்பமும் சேர்ந்துவிட்டால் கணக்கு உடைந்துவிடுகிறது. பெருங்கூட்டங்களுக்கென்று தனித் திடல்கள் இல்லாமலில்லை. ஆனால் அவை சிலவே. சாரணர் படைக்கும் சங்கங்களுக்கும் பொருந்துமேயன்றி, பத்துப் பன்னிரண்டு பேருள்ள குடும்பத்துக்கு அவை தேவைக்கு மிஞ்சியவை. ஆகவே இரண்டு இடங்களாகப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. முன்பதிவோ ஆறு மாதத்துக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறந்து, கோடை வார இறுதிகளுக்குரிய இடங்கள் சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுகிற நிலையில், அடுத்தடுத்த இரண்டு இடங்கள் வாய்ப்பது அபூர்வம். எங்களுக்குக் கிடைத்தவை முகாமின் இரண்டு கோடிகள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, முழங்கால் வலியுள்ள சம்பந்தியைக் கைவிளக்கு வெளிச்சத்தில் வேர்களும் கற்களும் நிறைந்த பாதையில் மறுகோடிக்கு அழைத்துச் செல்லவேண்டியிருந்ததை நினைத்தால், விதியை வகுத்தவர்கள் ஒருநாளேனும் தங்கள் தாயாரோடு முகாமுக்கு வந்திருப்பார்களா என்ற கேள்வி எழாமல் போகாது.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. ஒவ்வொரு முகாமிலும் ஒரு வரிசையை, கழிப்பறைக்குச் சமீபத்தில், தரை சமமாயுள்ள பகுதியில், மூன்று தலைமுறைகள் சேர்ந்து வரும் குடும்பங்களுக்கென்று ஒதுக்கி, அடுத்தடுத்த இரண்டு மூன்று இடங்களை ஒரே பெயரில் சேர்த்துப் பதிவு செய்ய வழி செய்தால் போதும். மொத்தத் தலைகளின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகரிக்காது. இதனால் பயனடைவோர் நம்மவர் மட்டுமல்லர். மெக்சிகோவிலிருந்தும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒன்றாகவே ஏரிக்கு வருகிறார்கள். வரி செலுத்துவோர் எல்லாருக்கும் சொந்தமான நிலத்தில், ஒரு வகைக் குடும்பத்தின் அளவுக்கு மட்டும் மேஜை போடுவது நியாயமாகாது.

கூட்டம் சேர்ந்தால் ஏரி கெடும் என்பார்கள். ஏரியைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. வெள்ளைத் தட்டு ஒன்றை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை 1968 முதல் அளந்து வருகிறார்கள். அந்த ஆண்டில் சராசரி 100 அடிக்கு மேலிருந்த தெளிவு, அண்மை ஆண்டுகளில் 60 அடிக்கும் 70 அடிக்கும் இடையில் நிற்கிறது. சாலைகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் வழிந்தோடி வரும் நுண்ணிய துகள்களும் பாசியை வளர்க்கும் சத்துக்களும் இதற்கு முக்கிய காரணங்கள். கூடாரத்தில் உறங்கும் கிழவியல்ல. ஆனாலும் நமக்கும் கடமையுண்டு. நீர்க்கரையைக் கண்டதும் பாத்திரம் துலக்கும் வழக்கத்தை இங்கே அறவே விடவேண்டும். கழுவிய நீரைக் குறித்த தொட்டியில்தான் கொட்டவேண்டும். நெருப்பு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. 1861-ல் மார்க் ட்வைன் இக்கரையில் தங்கியபோது அவர் மூட்டிய அடுப்பே காட்டைப் பற்றிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். 2007 ஜூனில் யாரோ சட்டவிரோதமாக மூட்டிவிட்டுப் போன கணப்பு, ஏரியின் தென்புறத்தில் 250-க்கு மேற்பட்ட வீடுகளை எரித்தது. வறட்சிக் காலத்தில் கணப்பே கூடாதென்று தடை விதித்தால், குழந்தைகள் எவ்வளவு கெஞ்சினாலும் மூட்டக்கூடாது. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்காமல் நிற்பதற்குப் பெரியவர்களைவிடத் தகுந்தவர்கள் யார்?

பிள்ளைகள் அஞ்சும் அசௌகரியங்களும் உண்மையானவையே. உயரத்தினால் முதல் நாள் தலை கனக்கும். வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். ஆதலால் முதல் நாள் உட்கார்ந்திருப்பதே உத்தமம். இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வரக்கூடாது. பகலில் சுடும் வெயில் இருந்தாலும் இரவில் கம்பளிக் குல்லாயின்றி உறங்க முடியாது. ஏரி நீர் கோடையிலும் குளிர்ந்திருப்பதால், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் திடீரென்று குதித்தால் மூச்சுத் திணறும். படகில் ஏறும் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை சட்டப்படி கட்டாயம். பெரியவர்களும் அணிவதே நலம். தரையில் படுக்க இயலாதவருக்கு மடக்குக் கட்டில் போதும். அதை வாடகைக்கு விடும் கடைகளும் இருக்கின்றன.

அடுத்த ஆகஸ்டுக்குரிய இடங்கள் பிப்ரவரியில் திறக்கும். ஆகவே ஊரிலுள்ள பெற்றோர் விமானச் சீட்டு வாங்குமுன், தை மாதத்திலேயே சம்பந்தி வீட்டாரையும் கலந்து தேதியை நிச்சயித்துக்கொண்டு, பதிவு திறக்கும் காலையில் மகன் ஒரு கணினியின் முன்னும் மருமகன் மற்றொன்றின் முன்னும் 8 மணிக்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். பக்கத்துப் பக்கத்து இடம் கிடைக்காவிட்டால், கிடைத்ததைப் பெற்றுக்கொண்டு, எட்டுப் பேர் விதியை மாற்றக் கோரிப் பூங்கா நிர்வாகத்துக்கு அன்றைக்கே ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும்.