உணவுதானே என்று இருந்துவிடலாகாது

இரண்டு மூன்று மருந்துகளை முறையாகக் கொடுத்தும் வலிப்பு அடங்காத குழந்தைகளுக்குக் கீட்டோஜெனிக் உணவுமுறையைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று நாங்கள் கூறும்பொழுது, பெற்றோர் பலரின் முகத்தில் ஓர் ஆறுதல் தோன்றுவதைக் காண்கிறோம். இன்னொரு மாத்திரை இல்லை, ஊசி இல்லை, அறுவை சிகிச்சை இல்லை. உணவுதானே என்னும் ஆறுதல் அது. ஆண்டுக்கணக்கில் மருந்துச் சீட்டுகளோடு அலைந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. எனினும் அந்த 'உணவுதானே' என்னும் எண்ணமே, பின்னர் வரும் தொல்லைகள் பலவற்றுக்கு வாயிலாக அமைந்துவிடுகிறது என்பது எங்கள் கருத்து. இவ்வுணவுமுறை ஒரு மருந்து. மருந்தைப் போலவே அதற்கும் அளவு உண்டு, நேரம் உண்டு, பக்க விளைவும் உண்டு.

இதனைப் பின்பற்றும் குழந்தையின் தட்டில் நடப்பது சிறிய மாற்றமன்று. நம் வீடுகளில் சோறு, இட்லி, தோசை ஆகியவற்றின் வழியே மாவுச்சத்துத்தான் உடலுக்குப் பெரும்பகுதி ஆற்றலைத் தருகிறது. கீட்டோஜெனிக் உணவுமுறையின் பழைய, கடுமையான வடிவில், புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம் இருக்கவேண்டும். அதாவது ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கொழுப்பிலிருந்தே கிடைக்கிறது. சர்க்கரை கிடைக்காத உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்னும் பொருள்களை உண்டாக்குகிறது. மூளையும் அவற்றைக் கொண்டு இயங்கப் பழகிக்கொள்கிறது. உடலின் அடுப்பில் விறகையே மாற்றும் இச்செயலில் புகை சற்றும் எழாது என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

இம்முறை புதியதும் அன்று. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் 1921ஆம் ஆண்டிலேயே இதனை முன்மொழிந்தார். 1938க்குப் பிறகு ஃபெனிடாயின் போன்ற மருந்துகள் வந்ததும் இது பின்னுக்குத் தள்ளப்பட்டு, 1990களில் மீண்டும் கவனம் பெற்றது. இலண்டனின் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனைக் குழுவினர் 145 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாத முடிவில் உணவுமுறையை மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்குமேல் குறைந்திருந்தது. மேற்கொள்ளாதவர்களில் அது 6 பேரே. அதே ஆய்வு மலச்சிக்கல், வாந்தி, சோர்வு, பசி ஆகியவை அடிக்கடி நேர்ந்ததையும் பதிவு செய்திருக்கிறது. முதற்செய்தியை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். இரண்டாவது செய்தி பலருடைய காதில் விழுவதேயில்லை.

பக்க விளைவுகளை முதல் நாளே விரிவாகச் சொன்னால் பெற்றோர் அஞ்சிப் பின்வாங்கிவிடுவார்கள் என்று கருதுவோர் மருத்துவத் துறையிலும் இருக்கிறார்கள். நாங்கள் அதனை ஏற்பதில்லை. முன்னரே சொல்லப்படாத தாய், மூன்றாம் நாள் குழந்தை வாந்தி எடுத்ததும், 'இது பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவு கட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிடுவார். கீட்டோன் அளவு சட்டென்று விழும். அடங்கியிருந்த வலிப்பு திரும்பக்கூடும். இதை எதிர்பார்த்திருந்த தாயோ நேரத்தைக் குறித்துக்கொண்டு எங்களுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பார். குழந்தைக்கு நேர்ந்தது ஒன்றேயாயினும் விளைவு வேறாகிவிடுகிறது.

எல்லாவற்றினும் பெரிதாக நாங்கள் கருதுவது மலச்சிக்கலை. இறப்புக்கு அஞ்சி வந்த பெற்றோரிடம் மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் வயிறு கல்லாகிக் கிடக்கும் குழந்தை உண்ண மறுக்கிறது; உண்ண மறுத்தால் உணவுமுறையே நின்றுபோகிறது; எரிச்சலும் உறக்கக் குறைவும் வலிப்பையும் தூண்டக்கூடும். கொழுப்பு மிகுந்த உணவு அளவில் சிறியது, நார்ச்சத்தும் குறைவு. ஆகவே குடல் மந்தமாவதில் வியப்பில்லை. இந்நிலையில் வீட்டில் உள்ள பெரியவர்கள் அன்போடு நீட்டுவது வாழைப்பழம், அல்லது உலர் திராட்சை ஊறிய நீர், அல்லது ஒரு கரண்டி தேன். பருத்த வாழைப்பழம் ஒன்றில் 20 கிராமுக்கும் மேல் மாவுச்சத்து இருக்கிறது. சற்றுத் தளர்வான வடிவமாகிய மாற்றியமைக்கப்பட்ட அட்கின்ஸ் முறையிலேயே ஒரு நாள் முழுமைக்கும் அனுமதிக்கப்படுவது 10 முதல் 20 கிராம்தான் என்றால், அந்தப் பழம் என்ன செய்யும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாகச் செய்யக்கூடியவை பல. முதலாவது தண்ணீர். பழைய நாள்களில் இவ்வுணவுமுறையில் தண்ணீரையும் அளந்து குறைத்தார்கள். இன்று அவ்வாறு செய்வதில்லை. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உணவியலாளர் எழுதித்தந்த அளவுக்குள் கீரை, வெள்ளரி, சுரைக்காய் போன்றவற்றைச் சேர்க்கலாம். கொழுப்பில் ஒரு பகுதியை எம்.சி.டி. எண்ணெயாக மாற்றினால் சில குழந்தைகளுக்குக் குடல் இளகும். அளவு மிகுந்தால் வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் வரும் என்பதால் இதை நீங்களாகத் தொடங்கவேண்டாம். இவற்றால் பயனில்லையெனில், மாவுச்சத்து இல்லாத பாலிஎதிலீன் கிளைக்கால் பொடியை மருத்துவர் எழுதித் தருவார். மலம் இளக்கும் மருந்தைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். மூன்று நாள் காத்திருந்து நான்காம் நாள் கேட்பதைவிட, இரண்டாம் நாளே கேட்பது நல்லது.

வாந்தியும் நெஞ்செரிச்சலும் பெரும்பாலும் தொடக்க வாரங்களுக்கு உரியவை. கொழுப்பு இரைப்பையை விட்டு மெல்லவே இறங்கும். ஒரே வேளையில் கொடுப்பதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாலும், விகிதத்தைச் சிறிது குறைத்துப் பின் படிப்படியாக உயர்த்தினாலும் பெரும்பாலான குழந்தைகள் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் வாந்தியோடு மூச்சு வேகமாக வாங்குதல், முகம் சிவத்தல், காரணமற்ற எரிச்சல், அரைத்தூக்கம் ஆகியவை சேர்ந்தால் கீட்டோன் அளவு மீறிவிட்டிருக்கலாம். அப்பொழுது சிறிதளவு சர்க்கரை தேவை. பல மையங்களில் 30 மில்லிலிட்டர் ஆரஞ்சுச் சாறு கொடுப்பது வழக்கம். உங்கள் குழந்தைக்கு உரிய அளவு, உங்களிடம் உள்ள அவசர அட்டையில் எழுதப்பட்டிருக்கும். கொடுத்துக் கால்மணி நேரத்தில் தெளிவு வரவில்லையெனில், காலை வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு வந்துவிடவேண்டும்.

காய்ச்சல் நாளும் ஒரு சோதனைதான். குழந்தைகளுக்கான சிரப்புகளில் பெரும்பாலானவை சர்க்கரைப் பாகில் கலக்கப்பட்டவை. 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதப்பட்ட புட்டியிலும் சார்பிட்டால் போன்ற பொருள் இருக்கக்கூடும். அதுவும் மாவுச்சத்துக் கணக்கில் சேரும். இயன்றவரை மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதே நன்று. ஊருக்குச் சென்ற இடத்தில் வேறு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், குழந்தை கீட்டோ உணவில் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். நம் பேச்சில் 'குளுக்கோஸ் ஏற்றுவது' என்பது எல்லா நோய்க்கும் முதல் உதவி ஆகிவிட்டதல்லவா! நீர் வறட்சிக்குக் குளுக்கோஸ் கலவாத உப்புநீரே பொதுவாகப் போதும். அதற்காகக் குளுக்கோஸே கூடாது என்று மருத்துவரைத் தடுத்துவிடவும் கூடாது. இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தால் அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். உயிர்க்காப்பு முதலில், கீட்டோனை மறுவாரம் மீட்டுக்கொள்ளலாம்.

இதுவரை கூறியவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவையும் சில உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச்சொல்வதும் இரத்தம், சிறுநீர் எடுப்பதும் அவற்றுக்காகத்தான். 'பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு ஊசி குத்தி இரத்தம்?' என்னும் கேள்வி நியாயமானது. சிறுநீரகக் கல் உருவாகும்பொழுது முதலில் வலி இராது. பொட்டாசியம் சிட்ரேட்டைத் தொடக்கத்திலிருந்தே கொடுத்தபொழுது, கல் தோன்றுவது நூற்றுக்கு ஏறத்தாழ 7 என்ற நிலையிலிருந்து 1க்கும் கீழே இறங்கியது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையினர் 2009இல் தெரிவித்தனர். சுவை பிடிக்கவில்லை என்று அம்மருந்தை நிறுத்துமுன் இவ்வெண்களை நினைத்துக்கொள்ளவேண்டுகிறோம். சிறுநீரில் இரத்தமோ, மணல் போன்ற துகளோ கண்டால் உடனே தெரிவியுங்கள்.

சத்து மாத்திரைகளின் கதையும் அதுவே. பழம், தானியம், பருப்பு ஆகியவை குறைந்த உணவில் கால்சியம், வைட்டமின் டி, செலீனியம் போன்றவை போதிய அளவில் கிடைப்பதில்லை. எலும்பு மெலிவதும், அரிதாகச் செலீனியக் குறைவால் இதயத் தசை நலிவதும் இதனால் நேரக்கூடியவை. மாதச் செலவில் ஏதேனும் ஒன்றைக் குறைக்கவேண்டி வரும்பொழுது முதலில் கைவிடப்படுவது இம்மாத்திரைகளே. பணம்தான் தடையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள்; குறைந்த விலையில் கிடைப்பதைத் தேர்ந்து எழுதித்தர முடியும். வால்ப்ரோயேட் உண்ணும் குழந்தைக்குக் கார்னிட்டின் அளவையும், டோப்பிராமேட் உண்ணும் குழந்தைக்கு இரத்தத்தில் அமிலத் தன்மையையும் பார்ப்பது அவசியம். உணவு பலன் தருகிறது என்பதற்காக இம்மருந்துகளை வீட்டிலேயே குறைத்துவிடவும் வேண்டாம்.

இரத்தக் கொழுப்பு முதல் சில மாதங்களில் உயர்வதைக் கண்டு தாத்தா பாட்டியர் கலங்குகிறார்கள். நெய்யும் வெண்ணெயும் குறைத்து, கடலையெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றைக் கூட்டினாலே பல குழந்தைகளுக்குச் சீராகிறது. இதில் நாங்கள் நீண்ட கவலை கொள்வதில்லை.

கவலை கொள்வது வளர்ச்சியைப் பற்றி. இவ்வுணவில் நீண்ட நாள் இருக்கும் குழந்தைகளில் சிலர், குறிப்பாகச் சிறு வயதினர், உயரத்தில் பின்தங்குகிறார்கள். புரதத்தையும் மொத்த ஆற்றலையும் சரிசெய்து இதை ஓரளவு தடுக்கலாம். முற்றிலும் தடுக்க இயலும் என்று நாங்கள் உறுதி கூறமாட்டோம். உணவை நிறுத்திய பின் பலர் மீண்டும் வளர்கிறார்கள், ஆயினும் எல்லோரும் இழந்ததை முழுவதும் ஈடுசெய்வதில்லை. நாள்தோறும் பலமுறை விழுந்து தலையில் அடிபட்ட குழந்தை இப்பொழுது விழாமல் பள்ளி செல்கிறதென்றால், உயரத்தில் சிறிது குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் மனப்போக்கு. வலிப்பு சிறிதளவே குறைந்திருக்க, வளர்ச்சிக் கோடு மட்டும் கீழே சரிந்துகொண்டு போனால் அவ்வாறு சொல்லமாட்டோம். இது மருத்துவர் தனியே எடுக்கும் முடிவன்று. அளவுகோலையும் வலிப்புக் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெற்றோரும் நாங்களும் சேர்ந்து எடுக்கவேண்டியது.

இனி, மறைப்பதைப் பற்றி ஒரு சொல். திருவிழாவில் பிரசாதம், வகுப்பில் பிறந்தநாள் மிட்டாய், பக்கத்து வீட்டில் ஒரு முறுக்கு: குழந்தை வாயில் போட்டுக்கொண்டுவிட்டது என்று சொல்லப் பெற்றோர் தயங்குகிறார்கள். சொன்னால் உணவுமுறையை நிறுத்திவிடுவோமோ, திட்டுவோமோ என்ற அச்சம். சொல்லாவிட்டால் கீட்டோன் ஏன் குறைந்தது என்று தெரியாமல் விகிதத்தை நாங்கள் உயர்த்திவிடுவோம். உயர்ந்த விகிதத்தால் வாந்தியும் மலச்சிக்கலும் கூடும். ஒரு முறுக்கை மறைத்ததன் விலையைக் குழந்தையின் வயிறு கொடுக்கும்.

பக்க விளைவுகளின் பட்டியலில் இடம்பெறாத ஒன்றும் உண்டு: சமைப்பவரின் களைப்பு. கண்ணளவும் கைக்கணக்கும் இங்கே செல்லாது; ஒவ்வொரு வேளையும் கிராம் காட்டும் தராசில் நிறுக்கவேண்டும். பெரும்பாலான வீடுகளில் இச்சுமை தாய் ஒருவர் தோளிலேயே விழுகிறது. அவருக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் அன்று நிறுக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லை. எனவே தந்தையோ பாட்டியோ இன்னொருவரும் கற்றுக்கொள்ளாத வீட்டில் இவ்வுணவுமுறையைத் தொடங்கத் தயங்கவேண்டும் என்றே நாங்கள் கருதுகிறோம். சிலர் இதைக் கடுமை என்பர். இருவரும் வந்து அமர இயலாத குடும்பங்களுக்கு, எடையிடும் வேலை குறைந்த அட்கின்ஸ் வடிவத்தை முதலில் எண்ணிப்பார்க்கலாம்.

எவ்வளவு நாள் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளவேண்டும். மூன்று மாதம் முறையாகக் கடைப்பிடித்தும் பயன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். இவ்வளவு பாடுபட்டோமே என்பதற்காகத் தொடர்வதில் பொருளில்லை. பயன் தந்தால் வழக்கமாக இரண்டாண்டு வரை தொடர்ந்து, பிறகு இரண்டு மூன்று மாதங்களில் விகிதத்தைப் படிப்படியாக இறக்குவோம். எந்தப் பக்க விளைவு வந்தாலும் ஒரே நாளில் வீட்டில் நிறுத்திவிடுவது மட்டும் வேண்டாம். அவசரமாக நிறுத்தவேண்டிய நிலை வந்தால் அது மருத்துவமனையில், எங்கள் கண் முன்னே நடக்கட்டும். அடுத்த முறை வரும்பொழுது வலிப்புக் குறிப்பேட்டோடு, கீட்டோன் பட்டையில் கண்ட நிறம், மலம் கழித்த நாள்கள், வாந்தி, கொடுத்த மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றையும் எழுதி எடுத்துவாருங்கள். அவசர அட்டையின் படி ஒன்று பள்ளிப் பையிலும், ஒன்று வகுப்பு ஆசிரியரிடமும் இருக்கட்டும்.