கோல்ஃப் பேயை ஏன்யா வெட்டினீங்க?

பேய்ப்படம்னாலே சத்தத்தை ஏத்திவிட்டுத் தூக்கிவாரிப் போட வைக்கிறதுன்னு ஆகிப்போச்சு. அப்படி இல்லாத ஒண்ணு வேணும்னா, 1945-ல் ஈலிங் ஸ்டூடியோஸ் எடுத்த 'டெட் ஆஃப் நைட்' பாருங்க. இங்கே புனேயில் கூட இருக்கிற நண்பர்கள் கறுப்பு வெள்ளைன்னு தெரிஞ்சதுமே எழுந்து போயிட்டாங்க. நஷ்டம் அவங்களுக்கு.

வால்டர் கிரெய்க்னு ஒரு ஆர்க்கிடெக்ட், வேலை விஷயமா கிராமத்து வீடு ஒண்ணுக்கு வர்றார். அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் ஏற்கெனவே கனவில் பார்த்திருக்கார். அது கெட்ட கனவு. மனநல மருத்துவர் ஒருத்தர் மட்டும் நம்ப மறுக்க, மத்தவங்க ஆளுக்கொரு அனுபவம் சொல்றாங்க. அஞ்சு கதை, நாலு இயக்குநர்கள். கிரெய்க் போயிடணும்னு தவிக்கிறார். இவங்களோ இருங்க, போகலாம்னு உபசரிக்கிறாங்க. எனக்கு வயித்தைக் கலக்கினது பேய் இல்லை, அந்த உபசாரம்தான்.

படத்தைப் பத்திப் பேசுற எல்லாரும் மைக்கேல் ரெட்கிரேவ் நடிச்ச பேசும் பொம்மைக் கதையைத்தான் கொண்டாடுவாங்க. கொண்டாடட்டும், தப்பில்லை. என் ஓட்டு ராபர்ட் ஹேமர் இயக்கின கண்ணாடிக் கதைக்கு. கல்யாணம் ஆகப்போற பொண்ணு பரிசா வாங்கித் தந்த பழைய கண்ணாடி. அதில் அவன் ரூம் தெரியலை, வேற யாரோட ரூமோ தெரியுது. அவ்வளவுதான் பேய். கை நீட்டாது, கத்தாது. ஒரு நல்ல மனுஷன் கொஞ்சம் கொஞ்சமா சந்தேகப் பிராணி ஆகுறதைப் பார்த்துட்டு, ராத்திரி ஷேவிங் கண்ணாடியைத் திருப்பி வச்சேன் (சிரிக்காதீங்க).

இப்போ தலைப்புக்கு வர்றேன். ஒரே பொண்ணை விரும்புற ரெண்டு கோல்ஃப் ஆட்டக்காரர்கள். தோத்தவன் ஏரியில் இறங்கிச் செத்து, ஆவியா வந்து, மறையுற வித்தை மறந்துபோய் முழிக்கிறான். எச்.ஜி.வெல்ஸ் கதையைத் தழுவினது. 'திருஷ்டிப் பொட்டு'ன்னு விமர்சகர்கள் திட்டாத நாளில்லை. அமெரிக்காவில் வெளியிட்டப்போ இதையும் கிறிஸ்துமஸ் பார்ட்டிக் கதையையும் வெட்டியே எறிஞ்சாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கண்ணாடிக்கும் பொம்மைக்கும் நடுவுல நம்மளைச் சிரிக்கவிட்டு அசர வைக்கிறதே இந்தக் கதைதான். இது இல்லாம நேரா பொம்மைக்குப் போனா பாதி பயம் காலி. அதோட, கடைசியில் வர்ற கொடுங்கனவில் எல்லாக் கதையும் கலந்து வருது. கிறிஸ்துமஸ் கதையைப் பார்க்காதவன், இவங்க எங்கேருந்து வந்தாங்கன்னு முழிக்கத்தானே செய்வான்?

முடிவைச் சொல்ல மாட்டேன். ஃப்ரெட் ஹாய்ல், பாண்டி, கோல்ட்னு மூணு விஞ்ஞானிகள் இந்தப் படத்தைப் பார்த்துட்டு, பிரபஞ்சத்துக்கும் ஆரம்பமே இல்லாம இருக்கலாமேன்னு யோசிச்சாங்க. 1948-ல் 'நிலைத்த நிலை'க் கோட்பாடா அது வந்தது. கோட்பாடு பிற்பாடு அடிபட்டுப்போச்சு. படத்துக்கு ஒண்ணும் ஆகலை.

தேடிப் பார்க்கிறவங்க ஓடுற நேரத்தைக் கவனிங்க. முழுப்படம் ஏறக்குறைய 1 மணி 40 நிமிஷம். அதைவிட ரொம்பக் குறைச்சலா இருந்தா, நம்ம கோல்ஃப் பேய் அதில் இல்லைன்னு அர்த்தம்.