யார் கூப்பிட்டு யார் வாசிப்பது?

பி.பி. கிங் செத்தது 2015 மே மாதம். 2025 செப்டம்பரோடு அவர் பிறந்து நூறு வருஷமும் முடிந்துபோனது. ஆனாலும் அந்த மனுசன் இன்னும் மேடையில்தான் நிற்கிறார். சிகாகோ தியேட்டர், சிறைக்கூடங்கள், கின்ஷாசா மைதானம், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று அய்ம்பது வருஷத்துக் கச்சேரிகள் ஒலியாகவும் படமாகவும் பதிவாகிக் கிடக்கின்றன. சில மாதங்களாக ராத்திரி ராத்திரியாக இவற்றைத்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'அமெரிக்காக்காரன் கிதாருக்கு நம்ம பத்திரிகையில என்னய்யா வேலை?' என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். வேலை இருக்கிறது. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அய்.நா.வில் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் நகல் கேட்டார். டு பாய்ஸும் பதில் எழுதினார். 1972இல் பம்பாய் தலித் இளைஞர்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தங்களுக்குச் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். இது பழைய சொந்தம். இன்னொரு காரணமும் உண்டு. பறையைப் போட்டு உடைப்பதா, தூக்கிப் பிடிப்பதா என்று நமக்குள் தீராமல் கிடக்கிற சண்டையைக் கறுப்பின மக்கள் தங்கள் ப்ளூஸ் இசையை வைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் நின்று வாசித்த ஆள் இவர்.

ரைலி கிங் 1925இல் மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் பிறந்தவர். வார விவசாயக் குடும்பம். அந்த வாரம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தக் கிதார் எதற்கு அழுகிறது, எதற்குச் சிரிக்கிறது என்று புரியும். நிலம் வெள்ளைக்காரனுடையது. கோவேறு கழுதை, விதை, குடிசை எல்லாம் அவனுடையது. உழைப்பு மட்டும் கறுப்பனுடையது. வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் அவனிடமே கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்க்கிற நாளில் நோட்டைப் பிரித்து, 'இந்த வருஷமும் நீதான் பாக்கி' என்பான். எதிர்த்துக் கேட்டவன் ஊரில் உயிரோடு இருக்க முடியாது. நான் வங்கியில் கணக்குப் பார்த்துப் பிழைக்கிறவன். பேனா எவன் கையில் இருக்கிறதோ பாக்கி எதிராளி பேரில்தான் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பண்ணையாளின் பேரனுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இண்டியனோலா என்கிற சின்ன ஊரின் தெருமுனையில் கிதாரோடு உட்கார்ந்து பாடியபோது இளம் ரைலி ஒன்றைக் கவனித்தார். கர்த்தரின் பாட்டைக் கேட்டவர்கள் தலையைத் தடவிப் பாராட்டிவிட்டுப் போனார்கள். ப்ளூஸ் கேட்டவர்கள் காசு போட்டார்கள். ஆசீர்வாதத்தில் வயிறு நிறையாது. 1946இல் பண்ணையாரின் டிராக்டரைச் சேதப்படுத்திவிட்டு, பயந்து மெம்பிஸுக்கு ஓடினார். திரும்பி வந்து கடனை அடைத்துவிட்டு 1948இல் மறுபடியும் போனார். கறுப்பர்களுக்காகவே நிகழ்ச்சி நடத்திய டபிள்யூ.டி.அய்.ஏ. வானொலியில் வேலை கிடைத்தது. 'பீல் தெரு ப்ளூஸ் பையன்' என்ற வானொலிப் பெயர் சுருங்கிச் சுருங்கி பி.பி. ஆனது. அவர் விட்டுவிட்டுப் போன அதே இண்டியனோலாவில்தான் 1954இல், கறுப்புப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கக்கூடாது என்பதற்காக 'வெள்ளைக் குடிமக்கள் மன்றம்' முதன்முதலில் தொடங்கப்பட்டது. 2008இல் அதே ஊரில், அவர் முன்பு வேலை பார்த்த பருத்தி அரவை ஆலையையும் சேர்த்து அவருக்கு அருங்காட்சியகம் கட்டினார்கள். அங்கேதான் அடக்கமும் ஆனார்.

இனி வாசிப்புக்கு வருகிறேன். அவர் வாசிக்கிற படம் எதையாவது எடுத்து இடது கையை மட்டும் பாருங்கள். ஒரு தந்தியில் ஒரு விரல். மற்ற விரல்கள் விரிந்து நிற்க, மணிக்கட்டிலிருந்து கை முழுக்கப் படபடக்கிறது. ஒரே ஒரு சுரம், பேசுகிற மாதிரி நடுங்குகிறது. இந்த நடுக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவருடைய அம்மா வழிச் சொந்தக்காரர் புக்கா ஒயிட். தந்தியின்மேல் ஸ்லைடை வழுக்கி வாசிக்கிற பெரிய ப்ளூஸ்காரர். கறுப்பர்களை அடிமைகளைப் போல வேலை வாங்கிய பார்ச்மன் பண்ணைச் சிறையில் கிடந்தவர். 1939இல் அந்தச் சிறைக்குள்ளேயே அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். அவர் எழுப்பிய ஒலியைத் தன்னால் ஸ்லைடில் கொண்டுவர முடியாததால், விரலாலேயே தந்தியை நடுக்கிக் கொண்டுவரப் பார்த்ததாக பி.பி. கிங் சொல்லியிருக்கிறார். ஆக அந்த விரலுக்குள் ஒரு சிறைக்கைதியின் சத்தம் இருக்கிறது.

இன்னொன்று. பாடும்போது அவர் கிதாரை வாசிப்பதில்லை. வாசிக்கும்போது பாடுவதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத் தனக்கு வராது என்று அவரே சொல்வார். எனக்கு இது வராமையாகப் படவில்லை. வாய் ஒரு வரி சொல்கிறது, நிறுத்துகிறது. 'லூசில்' என்று பேர் வைத்த அந்தக் கிதார் பதில் சொல்கிறது. ஒத்துக்கொள்கிறது, மறுக்கிறது, சில சமயம் கேலி பண்ணுகிறது. பருத்திக் காட்டில் கங்காணிக்கு எதிர்ப்பேச்சு பேச முடியாது. கணக்கு நாளில் பண்ணையாருக்கு எதிர்ப்பேச்சு பேச முடியாது. எதிர்ப்பேச்சே மறுக்கப்பட்ட சனம், கேள்வியையும் பதிலையும் தன் பாட்டுக்குள் வைத்துக்கொண்டது. ப்ளூஸைச் சோகப் பாட்டு என்று மட்டும் சொல்கிறவர்கள் இந்தப் பதிலைக் கேட்காதவர்கள்.

கேள்விக்கு மூன்றாவதாகவும் ஒரு பதில் வரும். அது கூட்டத்திடமிருந்து வருவது. அதற்காகத்தான் ஸ்டூடியோத் தட்டுகளை விட்டுவிட்டுக் கச்சேரிப் பதிவுகளைத் தேடிப் போகிறேன். 1964 நவம்பரில் சிகாகோ ரீகல் தியேட்டரில் பதிவானதைக் கேளுங்கள். கூட்டம் கறுப்பர்களுடையது. காதலிக்குத் தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டே வருகிறார். பெற்றுக் கொடுத்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரும்போது தியேட்டரே அலறுகிறது. அதில் பெண்களின் குரல்தான் ஓங்கிக் கேட்கிறது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவருடைய பாட்டுகளில் பாதிக்கு மேல் பெண்ணைக் குறை சொல்கிற ஆணின் பாட்டுதான். பிள்ளை பெற்றவளின் கணக்கு அந்த நோட்டில் இல்லை. விடுதலை பேசுகிற நமது ஆண் தோழர்களின் மேடைகளிலும் இந்தக் கணக்கு விடுபட்டே வருகிறது. அந்த அலறலில் கைதட்டல் எவ்வளவு, எதிர்ப்பு எவ்வளவு, 'ஏ, நிறுத்துய்யா' என்கிற கேலி எவ்வளவு? எனக்கு மூன்றும் கேட்கிறது.

1970 செப்டம்பரில் சிகாகோவின் குக் கவுண்டி சிறை முற்றம். 2000க்கும் மேற்பட்ட கைதிகள். பெரும்பாலும் கறுப்பு இளைஞர்கள். விசாரணை முடியாமலேயே உள்ளே கிடந்தவர்கள் அதில் ஏராளம். இசை தொடங்குமுன் வந்திருக்கும் பெரியமனிதர்களின் பேரைச் சொல்கிறார்கள். ஷெரிப் பேரைச் சொன்னதும் கூட்டம் ஊளையிடுகிறது. நீதிபதி பேருக்கும் அதே ஊளை. அந்தத் தட்டில் முதல் கச்சேரி கைதிகளுடையதுதான். பி.பி. கிங் வாசிப்பது அதற்கப்புறம். நமது நாட்டுச் சிறைக் கணக்கை அரசே வருஷா வருஷம் வெளியிடுகிறது. மக்கள்தொகையில் நமக்குள்ள பங்கைவிடச் சிறையில் நமக்குள்ள பங்கு பெரிது. அதனால் அந்த ஊளைக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

1972 நன்றி கூறும் நாளன்று நியூயார்க்கின் சிங் சிங் சிறையில் நடந்த கச்சேரி படமாகவே இருக்கிறது. வியர்வை ஒழுக ஒழுக வாசிக்கிறார். காமிரா கைதிகளின் முகங்களுக்குப் போகிறது. கண்ணை மூடியவன், பல்லைக் கடித்தவன், வெடித்துச் சிரிக்கிறவன் எல்லோரும் இருக்கிறார்கள். தன் வாழ்க்கையில் வாசித்த சிறந்த கச்சேரிகளில் ஒன்று இது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

இவ்வளவு பேர் கொண்டாடிய இந்த மனுசனைத் தன் சொந்தப் பிள்ளைகளே விரட்டிய கதையும் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பால்டிமோர் ராயல் தியேட்டரில் கறுப்பு இளைஞர்கள் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். மேடையிலேயே அழுதுவிட்டார். அந்த இளைஞர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ப்ளூஸ் என்றாலே அவர்களுக்குப் பருத்திக் காடு, கங்காணி, அப்பனின் குனிந்த முதுகு. அதிலிருந்து தப்பி நகரத்துக்கு வந்தவனிடம் மறுபடியும் அதையே பாடிக் காட்டினால்? பிறகு 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் பில்மோர் அரங்கத்துக்குப் போகிறார். வாசலில் முடி வளர்த்த வெள்ளை இளைஞர்கள் கூட்டம். இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகப்படுகிறார். ஒரு சுரமும் வாசிக்குமுன் அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. அன்றும் அழுதார்.

இந்த இரண்டு அழுகைக்கும் நடுவில்தான் நமது பறை கிடக்கிறது.

நமது சேரிகளில் படித்து வந்த பிள்ளைகளில் பலருக்குப் பறைச் சத்தம் கேட்டால் உடம்பு கூசுகிறது. கூசாதா பின்னே? ஊரில் எவன் செத்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடி, ராவும் பகலும் அடித்து, எட்டி நின்று கூலி வாங்கிய கை அப்பனுடையது. 'இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று சொன்னதற்காக அடிபட்ட சேரிகள், வேலையும் தண்ணீரும் மறுக்கப்பட்ட சேரிகள் எத்தனை? அந்தப் பிள்ளைகளைப் பார்த்து 'உன் கலையை நீயே வெறுக்கிறாயே' என்று புத்தி சொல்ல எவனுக்கும் யோக்கியதை கிடையாது. மறுபக்கம், பறை இன்று கல்லூரி விழாவுக்கு வந்துவிட்டது, சினிமாவுக்கு வந்துவிட்டது, கட்சி மாநாட்டு ஊர்வலத்துக்கு முன்னால் போகிறது. 2025இல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. சந்தோஷம்தான். ஆனால் பில்மோரில் கைதட்டியவர்கள் எழுந்து நின்றதனால் மிசிசிப்பியில் பருத்திக் கணக்கு மாறிவிடவில்லை. தோலைக் காய்ச்சி அடிப்பவனைப் பாராட்டுகிற அதே ஊர், தோலை உரிக்கிறவனைத் தெருவுக்குள் விடுவதில்லை.

பி.பி. கிங் போராளி ஒன்றும் இல்லை. 1956இல் மட்டும் 342 இடங்களில் வாசித்தார் என்கிறார்கள். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனவர். 1974இல் முகம்மது அலியின் சண்டையை ஒட்டி கின்ஷாசாவில் கறுப்பின இசைஞர்கள் கூடியபோது அங்கேயும் போய் வாசித்தார். அது மொபுட்டுவின் சர்வாதிகாரம் நடந்த நாடு. 2006இல் புஷ் கையால் பதக்கம் வாங்கினார். 2012இல், அடிமைகளின் உழைப்பும் சேர்ந்து எழும்பிய வெள்ளை மாளிகைக்குள் ஒரு கறுப்பு ஜனாதிபதியின் முன்னால் வாசித்தார். இவற்றையெல்லாம் அப்படியே கொண்டாட நான் தயாரில்லை. ஆனால் பதிவுகளை வரிசையாகப் பார்க்கிறபோது ஒன்று தெரிகிறது. மேடையில் எப்போது பாடுவது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் சும்மா நிற்பது என்பதை அவர்தான் முடிவு செய்கிறார். 2011இல் லண்டனில், 85 வயதில், உட்கார்ந்தபடியே வாசிக்கிறார். பாதியில் வாசிப்பை விட்டுவிட்டுக் கதை பேசுகிறார். கூட்டம் காத்திருக்கிறது. கங்காணியின் மணியடிக்கு எழுந்து ஓடிய பையன், உலகத்தைக் காக்க வைக்கிறான்.

பறை பற்றிய நமது சண்டையிலும் கேட்க வேண்டியது இதைத்தான். பறை இழிவா, பெருமையா என்று தோலிடமும் குச்சியிடமும் கேட்டுப் பயனில்லை. யார் கூப்பிடுகிறார்கள்? 'வர மாட்டேன்' என்று சொன்னால் என்ன நடக்கும்? கூலியை யார் எழுதுகிறார்கள்? மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் அது கட்டாய வேலை. அங்கே பறையை உடைத்துப் போடுவதுதான் இசை. மாட்டேன் என்று சொல்ல முடிந்தவன், தன் சனத்தின் சாவுக்கும் போராட்டத்துக்கும் கொண்டாட்டத்துக்கும் விரும்பி எடுத்து அடிக்கிறபோது அது கலை. இரண்டு தோழர்களும், உடைத்தவனும் அடிக்கிறவனும், ஒரே பக்கத்து ஆட்கள். ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொள்வதை இதோடு நிறுத்துவோம்.

செய்ய வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. கட்டாயமாகப் பறையடிக்கச் சொல்வது குற்றம் என்று வன்கொடுமைச் சட்டத்தின் துணையோடு ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். மறுத்த சேரிகளுக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். மேடைக்குப் போகிற நமது குழுக்கள் கூலியையும் நேரத்தையும் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். பறை அடிக்கிற பெண்களுக்கு அதில் சரிபாதி எழுத வேண்டும். இந்த முறை பேனா நம் கையில் இருக்கட்டும்.

ஜெய் பீம்.