கேளாமலே தீர்ப்பளிக்கும் பாவம்

தியானப் பகுதி: யோவான் 7:45–52



சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை நம் சபையைச் சேர்ந்த தாயார் ஒருவர் குருமனைக்கு வந்தார்கள். துணிப்பையிலிருந்து தம் மகனுடைய கறுப்பு டி-சர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அதில் ‘பிளாக் சபாத்’ என்ற இசைக்குழுவின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. “ஐயா, ஓய்வுநாளையே கறுப்பாக்குகிற சாத்தானின் கூட்டமாம் இது. வாலிபர் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார் சொன்னார். ஜெபம் பண்ணிட்டு இதைக் கொளுத்திடுங்க ஐயா” என்றார்கள். அந்தப் பிரசங்கத்தின் நடுவில்தான் அவர்கள் மகன் எழுந்து வெளியே போனான். அதன்பின் மூன்று ஞாயிறுகளாக அவன் ஆலயத்திற்கு வரவில்லை.

நான் அதைக் கொளுத்தவில்லை. ஏன் என்பதை உங்கள் எல்லோருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனெனில் ஒருமுறை நான் கொளுத்தியிருக்கிறேன்.

1989ஆம் ஆண்டு நான் திருச்சியில் கல்லூரி மாணவன். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து சைக்கிளில் காவிரிப் பாலத்தைக் கடந்து வருகிற வைணவ நண்பன் ஒருவன் எனக்கு மூன்று கேசட்டுகளை இரவல் தந்தான். உறவினர் ஒருவரின் இசைத்தட்டுகளிலிருந்து பதிவு செய்தவை. பாடல்களின் பெயர்களைத் தன் கையாலேயே உறையில் எழுதியிருந்தான். அந்த வாரமே ஓர் எழுப்புதல் முகாமில், உலகப் பாடல்களை நெருப்பில் போடும்படி அழைப்பு விடுக்கப்பட்டது. நான் எழுந்துபோய் மூன்றையும் போட்டேன். கூடியிருந்தவர்கள் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள். மறுவாரம் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. “கொளுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது கேட்டியாடா?” என்று மட்டும் கேட்டான்.

நான் கேட்டிருக்கவில்லை. பிறன் பொருளை அழித்ததால் எட்டாம் கட்டளையை மீறினேன். அறியாத ஒன்றைப் பற்றி ஆயிரம்பேர் முன்னிலையில் சாட்சி சொன்னதால் ஒன்பதாம் கட்டளையை மீறினேன். முதல் குற்றத்தை அன்றே உணர்ந்தேன். இரண்டாவதை உணரப் பல ஆண்டுகள் ஆயின.

அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்பார்ன் 2025 ஜூலை 22 அன்று தம் 76ஆம் வயதில் மறைந்தார். அச்செய்தியைப் படித்த அன்று, இப்போது வெளிநாட்டில் வாழும் அதே நண்பனிடம், எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று விசாரித்தேன். அவன் ஒரு வரிசை எழுதி அனுப்பினான். முப்பத்தாறு ஆண்டுகள் தாமதமாக, பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்டேன். கேட்டவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

1968இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதியில் நான்கு இளைஞர் சேர்ந்து தொடங்கிய குழு இது. ‘கறுப்பு ஓய்வுநாள்’ என்ற பெயரை அவர்கள் ஒரு பேய்த் திரைப்படத்தின் தலைப்பிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கிட்டார் வாசித்த டோனி அயோமி, 17 வயதில், தகட்டு ஆலையில் தாம் வேலைசெய்த கடைசி நாளில், இயந்திரத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர். தந்திகளை அழுத்தவேண்டிய விரல்கள் அவை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். பின்னர்த் தந்திகளின் இறுக்கம் குறையும்படி சுருதியையும் தாழ்த்தினார். ‘ஹெவி மெட்டல்’ என்று உலகம் அழைக்கும் அந்தக் கனத்த ஒலியின் ஒரு வேர் இந்தக் காயத்தில் இருக்கிறது. பொன்மலைப் பணிமனையிலும் துவாக்குடிப் பட்டறைகளிலும் இயந்திரத்தின்முன் நிற்கும் நம் சபையாருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13 வெள்ளிக்கிழமை வெளியானது. குழுவின் பெயரே அதற்கும் பெயர். அதன் முதல் பாடலுக்கும் அதுவே பெயர். தம் படுக்கையின் அருகே ஒரு கரிய உருவம் நிற்கக் கண்டதாகப் பாடல்களை எழுதிய கீசர் பட்லர் கூறிய அனுபவமே அதன் கரு. பாடலில் பேசுகிறவன் அந்த உருவத்தை வணங்கவில்லை, நடுங்குகிறான், தேவனை உதவிக்குக் கூப்பிடுகிறான். உறையின் உட்புறத்தில் தலைகீழ்ச் சிலுவை இருந்தது உண்மையே. அது தங்களைக் கேளாமல் அச்சிடப்பட்டது என்று குழுவினர் கூறிவந்தனர். அவர்கள் கழுத்தில் அணிந்த சிலுவைகளோ நேரானவை. ஆஸியின் தந்தை தம் கையால் செய்து கொடுத்தவை. அதே தொகுப்பில் சாத்தானே காதலனாகப் பேசும் பாடல் ஒன்றும் உண்டு. அதைக் குறித்து ஒரு விசுவாசிக்கு ஐயம் எழுந்தால் அது நியாயமான ஐயம். ஆனால் கேட்டபின் எழுகிற ஐயம் வேறு, கேளாமல் எழுப்புகிற கூச்சல் வேறு.

அதே ஆண்டு செப்டம்பரில் ‘பாரனாய்ட்’ வந்தது. பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதன் முதல் பாடல் ‘வார் பிக்ஸ்’, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தின் பாடல். போரைத் திட்டமிடும் தளபதிகளும், ஏழைகளைக் களத்திற்கு அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளும் அரசியல்வாதிகளும் நியாயத்தீர்ப்பு நாளில் முழங்காலில் விழுந்து இரக்கம் கேட்கிறார்கள். முடிவில் சாத்தான் நகைக்கிறான். நம் பிரசங்கியார்கள் அந்த ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் படித்தவர்கள் இப்பாடலை அந்நியமாகக் கருத முடியுமா? அதே தொகுப்பில் ‘ஹாண்ட் ஆஃப் டூம்’ என்ற பாடல், போர்முனையிலிருந்து ஹெராயின் பழக்கத்தோடு திரும்பிய வீரர்களைப் பற்றியது. ஊசியின் முடிவு மரணம் என்று அது எச்சரிக்கிறது.

1971இல் வெளியான ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யைத்தான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்லவேண்டும். அதன் இரண்டாம் பாடல் ‘ஆஃப்டர் ஃபாரெவர்’. கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த பட்லர் எழுதியது. மரித்தபின் உன் ஆத்துமாவுக்கு என்ன நேரும் என்று நினைத்ததுண்டா, நண்பர்களின் ஏளனத்திற்குப் பயந்துதானே தேவனை மறுக்கிறாய் என்று அது கேட்பவனை மடக்குகிறது; கிறிஸ்துவின் அன்பினிடத்திற்கு அவனைத் திருப்புகிறது. இதே கேள்வியை நம் நற்செய்திக் கூட்டங்களில் எத்தனைமுறை கேட்டிருக்கிறோம்! 1989இல் நான் நெருப்பிலிட்ட மூன்று கேசட்டுகளில் ஒன்று இது. சாத்தானை எரிப்பதாக எண்ணி ஒரு சாட்சியை எரித்தேன்.

ஆனால் அதற்கு முந்தைய பாடலை, அத்தொகுப்பின் முதல் பாடலை, கேளுங்கள். ‘ஸ்வீட் லீஃப்’. இருமல் ஒலியோடு தொடங்கும் அப்பாடல் கஞ்சாவைக் காதலியைப்போல் துதிக்கிறது. 1972இல் வந்த நான்காம் தொகுப்பில் ‘ஸ்னோபிளைண்ட்’ கோகெய்னைப் பாடுகிறது. அப்பெயரையே தொகுப்புக்கு வைக்க விரும்பினார்கள், பதிவு நிறுவனம் இணங்கவில்லை. 1973இன் ‘சபாத் பிளடி சபாத்’, 1975இன் ‘சபோட்டாஜ்’ ஆகியவற்றில் இசை இன்னும் விரிந்தது. அடுத்த இரண்டில் அது தளர்ந்தது. மதுவும் போதையும் முற்றிய நிலையில் 1979இல் ஆஸி குழுவிலிருந்து நீக்கப்பட்டார். துதித்த இலையும் தூளும் தம் கூலியை வாங்கிக்கொண்டன.

பிரியமானவர்களே, நம் கண்டனக்காரர்களிடம் எனக்குள்ள வழக்கு இதுதான். அவர்கள் அதிகமாகக் கண்டித்தார்கள் என்பது என் குறையன்று; கேளாததால் தவறானதைக் கண்டித்தார்கள். தலைகீழ்ச் சிலுவையைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கிக்கிறோம். கஞ்சாவைத் துதிக்கும் பாடலைப் பற்றி நம் மேடைகளில் ஒருவராவது பேசி நான் கேட்டதில்லை. நம் தெருக்களில், நம் பிள்ளைகளின் கல்லூரி வாசல்களில் இன்று கண்ணியாய் நிற்பது எது? கறுப்புச் சட்டையா, கஞ்சாப் பொட்டலமா? காவற்காரன் எதிரி வராத வாசலில் நின்று எக்காளம் ஊதினால், எதிரி வரும் வாசலை யார் காப்பது?

2013இல், பழைய உறுப்பினர் மூவர் மீண்டும் சேர்ந்து ‘13’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் ஒரு பாடலின் தலைப்பு, தேவன் மரித்துவிட்டாரா என்று கேட்கிறது. தலைப்பின் இறுதியில் கேள்விக்குறி இருக்கிறது. பாடுகிறவனோ, குழப்பங்களுக்கு நடுவில், தேவன் மரித்தார் என்பதைத் தான் நம்பவில்லை என்கிறான். நம்மவர்கள் கேள்விக்குறியை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள்.

“ஐயா, இசையே தீயதாயிருக்கும்போது வரிகளை ஏன் பார்க்கவேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். அவர்கள் நம் ஊரின் தூய யோவான் ஆலயத்திற்குப் போகட்டும். 1826 ஏப்ரல் 3 அன்று இந்நகரில் மரித்த பேராயர் ரெஜினால்ட் ஹீபர் அங்கே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். இன்று உலகமெங்கும் பாடப்படும் பாமாலைகளை எழுதியவர். அவர் தொகுத்த பாமாலைகளுக்கு அன்றைய சபைத் தலைமையின் அங்கீகாரம் கிடைக்கவில்லை. அவர் மரித்த மறு ஆண்டுதான் அந்நூல் வெளிவந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை நினையுங்கள். கர்நாடக இசையில் அவர் இயற்றிய கீர்த்தனைகளை இன்று பயபக்தியோடு பாடுகிறோம். அவர் காலத்தில் புதிதாய் வந்த மிஷனரிமார் ஆலயத்திலிருந்து தமிழ் இசையை நீக்க முயன்றார்கள். சாதியைக் குறித்து அம்மிஷனரிமாரோடு நடந்த வழக்கில் சாஸ்திரியார் நின்ற பக்கம் தவறானது. இசையைக் குறித்து அவர் நின்ற பக்கம் சரியானது. ஒரே மனிதரிடத்தில் இரண்டையும் பிரித்தறியக் கற்ற சபை, ஓர் இசைத்தட்டின் இரண்டு பாடல்களைப் பிரித்தறியக் கூடாதா?

மறுபக்கத்தில் நம் வாலிபர்களுக்கும் ஒரு சொல். “நான் வரிகளைக் கவனிப்பதில்லை, இசையைத்தான் கேட்கிறேன்” என்று என்னிடம் சொல்லாதீர்கள். அதுவும் கேளாமையே. போரையும் மரணத்தையும் ஆத்துமாவையும் பற்றி எழுதிய மனிதரை, வெறும் சத்தம் என்று நீங்களும் தள்ளிவிடுகிறீர்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படி தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், சோதிக்கும் வேலையை மூப்பர்களுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கவில்லை.

நம் தியானப் பகுதியில் நிக்கொதேமு ஆலோசனைச் சங்கத்தின் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்கிறான்: ஒருவன் சொல்வதைக் கேளாமலும் அவன் செய்வதை அறியாமலும் அவனைக் குற்றவாளியாக்க நம் பிரமாணம் இடங்கொடுக்கிறதா? மறுமொழியாக அவர்கள் பிரமாணத்தைத் திறக்கவில்லை. அவனும் கலிலேயனோ என்று இகழ்ந்தார்கள். இதைப் படித்தபின் சிலர் என்னைப் பற்றியும் அப்படிக் கேட்கக்கூடும். கேட்கட்டும். அன்று அந்தச் சங்கம் விசாரியாமல் தள்ளியது யாரை என்பதை மட்டும் அவர்கள் மறவாதிருக்கட்டும்.

அந்த டி-சர்ட்டை மடித்துத் தாயாரிடமே கொடுத்தேன். மகனோடு உட்கார்ந்து இரண்டு பாடல்களைக் கேட்கச் சொன்னேன்: ‘ஆஃப்டர் ஃபாரெவர்’, ‘ஸ்னோபிளைண்ட்’. முதலாவதைப் பற்றி அவன் உங்களுக்கு விளக்கட்டும். இரண்டாவதைப் பற்றி நீங்கள் அவனிடம் கேளுங்கள் என்றேன். அவன் இன்னும் ஆலயத்திற்கு வரவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்து, “பாஸ்டர், நீங்க நிஜமாவே கேட்டீங்களா?” என்று கேட்டான். கேட்டேன் தம்பி என்றேன். 1989இல் சித்திரை வீதித் திண்ணையில் என்னால் சொல்ல முடியாத பதில் அது.

ஜெபம்: செவிகளை உண்டாக்கின தேவனே, அறியாததைக் குறித்துச் சாட்சி சொன்ன எங்கள் நாவுகளை மன்னியும். எங்கள் பிள்ளைகள் கேட்பதைக் கேட்கப் பொறுமை தாரும். தீமையை அதன் உண்மையான இடத்தில் கண்டு எச்சரிக்கவும், நன்மையை எதிர்பாராத இடத்தில் கண்டு உம்மைத் துதிக்கவும் எங்களுக்குப் பகுத்தறிவைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.