டொனால்டின் கணக்கில் தப்பாக நிற்கும் ஒரு ஹிட்

பேஸ்பால் ஆட்டம் முடிந்ததும் அது ஒரு சின்ன அட்டவணையில் அடங்கிவிடும். பாக்ஸ் ஸ்கோர் என்பார்கள். யார் எத்தனை முறை அடிக்க வந்தார், எத்தனை ஹிட், எத்தனை ரன், பிட்சர் எத்தனை பேரை வீழ்த்தினார், எல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் பத்திரிகையாளரான ஹென்றி சாட்விக், கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணோடு 19ஆம் நூற்றாண்டில் இதற்கு வடிவம் கொடுத்தார். ஆட்டத்தைப் பார்க்காதவரும் அந்த எண்களை வைத்தே அதை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் ஆடிய ஆட்டத்தை மட்டும் அப்படி ஓட்டிப் பார்த்தால் நடக்காத ஒன்றுதான் தெரியும். கிளீவ்லேண்ட் அணியின் ஜேசன் டொனால்டு பெயருக்கு நேரே ஒரு ஹிட் இருக்கிறது. அவர் உண்மையில் அவுட்.

அன்று பந்து வீசியவர் வெனிசுவேலாக்காரரான அர்மாண்டோ கலராகா. வந்த 26 பேரும் வரிசையாக அவுட். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பந்தடியை ஆஸ்டின் ஜாக்சன் முதுகுகாட்டி ஓடிப் பிடித்தபோது அரங்கமே எழுந்து நின்றது. இன்னும் ஒருவர் விழுந்தால் 'பர்ஃபெக்ட் கேம்': ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாமல் முடிக்கும் ஆட்டம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை 20 முறைதான் அது நடந்திருந்தது. 27ஆவதாக வந்த டொனால்டு தரையோடு அடித்தார். மிகேல் கப்ரேரா பந்தை எடுத்து வீச, முதல் பேஸுக்கு ஓடிவந்த கலராகா அதைப் பிடித்துக் காலை ஊன்றினார். டொனால்டு வந்து சேர இன்னும் ஓரடி இருந்தது. அம்பயர் ஜிம் ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்தார். 'சேஃப்!'

கலராகா புன்னகைத்துவிட்டுத் திரும்பிப்போய் அடுத்தவரை அவுட்டாக்கினார். டைகர்ஸுக்கு 3-0 வெற்றி. வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் தன் தவற்றை ஒப்புக்கொண்டு, கலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆட்டத்துக்குமுன் அணிப் பட்டியலை அவர் கையில் கொடுக்க வந்தவர் கலராகாதான். ஜாய்ஸின் கண்கள் நிறைந்திருந்தன. பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டார், தவறு செய்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் அன்றைய கமிஷனர் பட் செலிக் ஏட்டைத் திருத்த மறுத்தார்.

ஏட்டைத் தொடவே கூடாது என்ற வாதம் நிற்காது. 1930இல் ஹேக் வில்சன் அடித்துக்கொடுத்த ரன்கள் 190 என்று பல தலைமுறைகள் படித்தன. ஒரு ரன் தவறுதலாக சார்லி கிரிம் கணக்கில் போயிருந்தது தெரிந்ததும், 1999இல் அது 191 ஆனது. 2024இல் கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீக் கணக்குகள் சேர்க்கப்பட்டதும், வாழ்நாள் சராசரியில் டை காப்பை முந்தி ஜோஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார்.

அவையெல்லாம் ஏட்டுப் பிழைகள், இது களத்துத் தீர்ப்பு என்பார்கள். கனமான மறுப்புதான் அது. 2012 ஜூன் 1 அன்று மெட்ஸ் வீரர் ஜோஹன் சந்தானா ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்த ஆட்டத்தில், கார்லோஸ் பெல்ட்ரான் அடித்த பந்து கோட்டைத் தொட்டும் 'ஃபவுல்', அதாவது கோட்டுக்கு வெளியே விழுந்தது, என்றார்கள். அதையும் திருத்துவதா? முடியாது. அது ஆறாவது இன்னிங்ஸ். தீர்ப்பு சரியாக இருந்திருந்தால் பிறகு என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டெட்ராய்டில் அந்தச் சிக்கலே இல்லை. டொனால்டு அவுட் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வெற்றி மாறாது, ஒரு ரன்கூட மாறாது.

2014இல் ரீப்ளே முறை விரிவானது. இன்று அதே பந்தடி என்றால் சில நிமிடங்களில் தீர்ப்பு திரும்பியிருக்கும். ஏட்டிலும் வேலை கொஞ்சம்தான். டொனால்டின் ஹிட்டை எடுக்க வேண்டும். அவருக்குப்பின் வந்த ட்ரெவர் க்ரோ நான்கு முறை அடிக்க வந்தார் என்பதை மூன்று என்று மாற்ற வேண்டும். கலராகாவின் பெயருக்கு எதிரே இருக்கும் 1ஐ 0 ஆக்க வேண்டும்.