தானம் அல்ல, வரி

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு கார் நிறுத்துமிடம். 5,000 ஆண்டுகளுக்கும் முன்பே ஓலோனி பழங்குடியினர் வாழ்ந்து, முன்னோரைப் புதைத்த சிப்பி மேடு இருந்த இடம் அது. 2024இல் 2.7 கோடி டாலருக்கு அது மீட்கப்பட்டது. பெரும்பங்கைத் திரட்டியது பழங்குடிப் பெண்கள் வழிநடத்தும் சோகோரியா தே நில அறக்கட்டளை.

இனி தாரைப் பெயர்த்து, ஓடையைத் திறந்து, பூங்காவாக்கிப் பராமரிக்க வேண்டும். வாங்குவது ஒருமுறைச் செலவு, பராமரிப்பு ஆண்டுதோறும். அறக்கட்டளையின் பணிகளுக்காக அங்கே குடியேறியவர்களிடம் கேட்கப்படுவது 'ஷூமி நில வரி'. ஷூமி என்றால் அவர்கள் மொழியில் பரிசு. சட்டக் கட்டாயமில்லை, ஆனாலும் வரி என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். தானம் கொடுப்பவரை உயர்த்தும். வரி கடனை நினைவூட்டும்.

பஞ்சமி நில மீட்புக்கு இங்கே முழங்கிவிட்டு அங்கே குடியேறிய தோழர்களே, நீங்கள் நிற்பதும் பறிக்கப்பட்ட மண்தான். வரியைக் கட்டுங்கள்.